கற்பூரத்தின் ஐந்தாம் கார்பன்: நொதி இடம் பார்த்து ஆக்சிஜன் ஏற்றுவது எப்படி?

கற்பூரத்தைத் தட்டில் வைத்துக் கொளுத்தினால் நடப்பது ஆக்சிஜனேற்றம். ஒரு கற்பூர மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், ஒரே ஒரு ஆக்சிஜன் அணு இருக்கின்றன. தீ பற்றியதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் எல்லாவற்றையும் ஒருசேரப் பிடித்துக்கொள்கிறது. கார்பன் கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது, ஹைட்ரஜன் நீராவியாகப் போகிறது, கொஞ்சம் கரி மிஞ்சுகிறது. 'இந்த அணுவை மட்டும் தொடு, மற்றதை விடு' என்று தீயிடம் சொல்ல முடியாது.

மண்ணில் வாழும் சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியாவில் ஒரு வகை, கற்பூரத்தையே தின்று பிழைக்கும். அதுவும் கற்பூரத்தை ஆக்சிஜனேற்றம்தான் செய்கிறது. ஆனால் அதன் முதல் படியைப் பாருங்கள். கற்பூரத்தின் 10 கார்பன்களுக்கும் வேதியியலாளர்கள் எண் கொடுத்திருக்கிறார்கள். பாக்டீரியாவின் நொதி அவற்றில் ஐந்தாம் கார்பனை மட்டும் தொடுகிறது. அந்தக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்கள் உண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி. அதில் ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் மட்டும் ஓர் ஆக்சிஜனைச் செருகி, ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி ஆக்குகிறது. அத்தோடு நிறுத்திக்கொள்கிறது. தீயும் இல்லை, அமிலமும் இல்லை. சாதாரண வெப்பநிலையில், தண்ணீரில் நடக்கும் வேலை இது.

இந்தத் துல்லியம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆக்சிஜனை ஏற்றும் அணு எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, அது கிடைத்ததைத் தாக்கும். அதன் முன்னால் எதை, எந்தக் கோணத்தில் பிடித்து நிறுத்துவது என்பதைச் சுற்றியுள்ள புரதத்தின் வடிவம் தீர்மானிக்கிறது.

முதலில், இது ஏன் இவ்வளவு கடினம் என்று பார்ப்போம். கற்பூரத்தின் 16 ஹைட்ரஜன்களும் கார்பனோடுதான் ஒட்டியிருக்கின்றன. கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு வலுவானது, எளிதில் அசைந்து கொடுக்காது. அதை உடைக்கக்கூடிய அளவுக்கு வீரியமான ஒரு வேதிப்பொருளைக் கொண்டு வந்தால், அது ஒரு பிணைப்பை உடைத்துவிட்டு அடங்கிவிடாது. பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும். ஒருவேளை எங்காவது ஒரு பிணைப்பு மற்றவற்றைவிடச் சற்றுப் பலவீனமாக இருந்தால் அங்கே முதலில் பாயும், அது நமக்கு வேண்டிய இடமாக இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஆக்சிஜன் ஏறிய இடம், ஏறாத இடத்தைவிட எளிதாக மறுபடி ஆக்சிஜனேற்றம் அடையும். ஆல்கஹால் வேண்டும் என்று ஆரம்பித்தால் அது கீட்டோனாகும், அல்லது ஆல்டிஹைடாகி அமிலமாகும். நடுவில் நிறுத்துவது பெரும்பாடு. அதனால்தான் ஒரு பெரிய மூலக்கூறில், வேறு எதையும் கலைக்காமல், நடுவிலிருக்கும் ஒரு கார்பனில் மட்டும் ஆக்சிஜன் ஏற்றுவதை ஆய்வகத்தில் இன்றும் கடினமான வேலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள்.

'தேர்வுத்திறன்' என்று வேதியியலில் சொல்வது இதைத்தான். எந்த மூலக்கூறை, அதில் எந்த இடத்தை, அந்த இடத்தில் எந்தப் பக்கத்தை, எதுவரை என்று பல கேள்விகள் அதில் அடக்கம். நொதி பெரும்பாலும் இவை எல்லாவற்றுக்கும் ஒரே வீச்சில் பதில் சொல்கிறது.

நொதி என்பது புரதம். 20 வகை அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு, அந்தச் சங்கிலி தனக்கே உரிய ஒரு வடிவத்தில் மடிந்து சுருண்டு கிடக்கிறது. அந்தச் சுருளுக்குள் ஒரு குழி இருக்கும். வினை நடப்பது அங்கேதான், அதனால் அதை வினை மையம் என்பார்கள். சங்கிலியில் வெகுதூரம் தள்ளி இருக்கும் அமினோ அமிலங்கள், மடிப்பின் காரணமாக இந்தக் குழியைச் சுற்றி அக்கம்பக்கமாக வந்து அமர்கின்றன. உதாரணமாக 96ஆவது அமினோ அமிலமும் 295ஆவதும் எதிரெதிர்ச் சுவர்களில் இருக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த 20 அமினோ அமிலங்களில் எதுவும் ஆக்சிஜனைக் கையாள்வதில் சூரன் இல்லை. ஆகவே ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து ஒரு கருவியை வாங்கி உள்ளே பொருத்திக்கொள்கின்றன. சிலவற்றில் அது செம்பு அணு. சிலவற்றில் வைட்டமின் பி2விலிருந்து வரும் ஃபிளேவின். வேறு பலவற்றில் ஹீம். ஹீம் நமக்குத் தெரிந்ததுதான். ரத்தத்தைச் சிவப்பாக்கும் அதே தட்டையான வளையம், நடுவில் ஓர் இரும்பு அணு.

கற்பூரம் தின்னும் பாக்டீரியாவின் நொதியிலும் இருப்பது ஹீம்தான். ஹீமோகுளோபினில் இருக்கும் அதே ஹீம். அங்கே அது நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய்த் திசுக்களில் பத்திரமாக இறக்கி வைக்கிறது. இங்கே ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டாகப் பிளந்து ஆயுதமாக்குகிறது. ஒரே ஹீம், எப்படி இரண்டு குணம்? இரும்பைக் கீழிருந்து தாங்கும் அமினோ அமிலத்தில் விடை இருக்கிறது. ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்குவது ஹிஸ்டிடின், அதாவது ஒரு நைட்ரஜன் அணு. கற்பூர நொதியில் தாங்குவது சிஸ்டைன், அதாவது கந்தக அணு. கந்தகம் எலக்ட்ரான்களை இரும்பின் பக்கம் தாராளமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் ஆக்சிஜன் மூலக்கூறின் நடுப் பிணைப்பு உடைவது எளிதாகிறது.

இப்படிக் கந்தகம் தாங்கும் ஹீம் கொண்ட நொதிகள் ஒரு பெரிய குடும்பம். கார்பன் மோனாக்சைடோடு சேரும்போது 450 நானோமீட்டர் ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் அவற்றுக்கு 'சைட்டோகுரோம் பி450' என்று பெயர். ஜப்பானைச் சேர்ந்த ஓமுராவும் சாடோவும் 1962இல் இந்தப் பெயரை வைத்தார்கள். மனித மரபணுத் தொகுதியில் மட்டும் 57 பி450 மரபணுக்கள் உள்ளன. 57க்கும் ஹீம் ஒன்றே, கந்தகப் பிடியும் ஒன்றே. ஆனால் ஒன்று கொலஸ்டிராலில் வேலை செய்கிறது, இன்னொன்று வைட்டமின் டியில், இன்னொன்று நாம் விழுங்கும் மாத்திரையில். கருவி பொதுவாக இருக்கும்போது வித்தியாசம் குழியின் வடிவத்திலிருந்துதான் வந்தாக வேண்டும்.

கற்பூர நொதியின் பெயர் பி450கேம். 414 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். பி450 குடும்பத்திலேயே முதன்முதலில் முப்பரிமாண வடிவம் கண்டறியப்பட்டது இதற்குத்தான். தாமஸ் பௌலோஸும் அவருடைய சகாக்களும் எக்ஸ் கதிர் படிகவியல் மூலம் அதை 1985இல் வெளியிட்டார்கள். கற்பூரம் உள்ளே இருக்கும் நிலையிலேயே படம் கிடைத்ததால், அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை நேராகவே பார்க்க முடிந்தது.

பார்த்தால், கற்பூரம் புரதத்தின் மேற்பரப்பில் இல்லை, ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. ஹீமுக்கு நேர் மேலே, ஓர் எண்ணெய்ப் பசையான குழியில். எண்ணெய்ப் பசை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: சுவர்களில் வேலின், லியூசின் போன்ற, தண்ணீரோடு ஒட்டாத அமினோ அமிலங்கள்தான் அதிகம். 247ஆம், 295ஆம் இடங்களில் உள்ள வேலின்களும் 244ஆம் இடத்து லியூசினும் கற்பூரத்தின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் மெத்தில் தொகுதிகளோடு (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜன்களும் கொண்டவை) உரசி நிற்கின்றன. இன்னொரு பக்கம், 96ஆம் இடத்தில் ஒரு டைரோசின். அதன் ஹைட்ராக்சில், கற்பூரத்தின் ஒரே ஆக்சிஜனை ஒரு ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கிறது. ஒரு முனையில் பிடி, மறுமுனையில் முட்டுக் கொடுக்கும் சுவர். இந்த இரண்டுக்கும் நடுவில் கற்பூரம் திரும்ப வழியில்லாமல் நிற்கும்போது, அதன் ஐந்தாம் கார்பன் இரும்புக்கு மேலே ஏறத்தாழ 4 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் வந்து நிற்கிறது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. மற்ற கார்பன்கள் தள்ளியோ, தவறான கோணத்திலோ இருக்கின்றன.

அரிவாள்மனையில் காய் நறுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். கத்தி அசைவதில்லை. எங்கே வெட்டு விழ வேண்டும் என்பதைக் காயைப் பிடித்திருக்கும் கைதான் முடிவு செய்கிறது. பி450கேமில் இரும்பு கத்தி, டைரோசினும் வேலின்களும் கை.

சரி, கத்தி எப்போதும் தீட்டியே இருந்தால் ஆபத்து இல்லையா? கற்பூரம் வராத நேரத்தில் அந்த வீரியமான இரும்பு–ஆக்சிஜன், புரதத்தையே அல்லவா பதம் பார்க்கும்? இதற்கும் வடிவத்திலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. காலிக் குழிக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் நிறைந்திருக்கும், அவற்றில் ஒன்று இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இரும்பு எலக்ட்ரானை எளிதில் வாங்கிக்கொள்ளாது. கற்பூரம் உள்ளே நுழையும்போது தண்ணீரை வெளியே தள்ளுகிறது. உடனே இரும்பின் மின்னழுத்தம், அதாவது எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் நாட்டத்தின் அளவு, ஏறத்தாழ மைனஸ் 300 மில்லிவோல்ட்டிலிருந்து மைனஸ் 170 வரை மாறுகிறது. இப்போதுதான் எலக்ட்ரான் உள்ளே வர முடியும், அதன் பிறகுதான் ஆக்சிஜன் வந்து ஒட்டும். ஆக, வெட்ட வேண்டிய பொருள் வந்து உட்கார்ந்த பிறகே ஆயுதம் தயாராகிறது.

அப்புறம் நடப்பது இது. இரண்டு எலக்ட்ரான்களும் இரண்டு புரோட்டான்களும் சேர, ஆக்சிஜன் மூலக்கூறு பிளக்கிறது. ஓர் ஆக்சிஜன் அணு தண்ணீராகக் கழன்றுகொள்கிறது. மற்றது இரும்போடு தங்கி, 'சேர்மம் 1' எனப்படும் மிகத் தீவிரமான இரும்பு–ஆக்சிஜன் நிலை உருவாகிறது. இது கண நேரத்தில் மறைந்துவிடுவதால் பல பத்தாண்டுகள் அனுமானமாகவே இருந்தது. 2010இல்தான் ரிட்டில், கிரீன் இருவரும் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு நுண்ணுயிரின் பி450யில் அதைப் போதுமான அளவு சேர்த்து, நிறமாலை வழியாக உறுதிப்படுத்தினார்கள். இந்தச் சேர்மம் 1 எதிரே இருக்கும் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. பிடுங்கிய மறுகணமே, அந்தக் கார்பனின் மீது ஹைட்ராக்சிலாகத் திரும்பி ஒட்டுகிறது. பறித்த இடத்திலேயே ஒட்டுவதால் 'மீள்தாவல்' என்று சொல்லலாம். ஜான் குரோவ்ஸ் முன்வைத்த விளக்கம் இது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1982இல் ஸ்டீபன் ஸ்லைகரும் சகாக்களும் செய்தது. கற்பூரத்தின் வளையத்துக்குக் குறுக்கே பாலம் போல ஒரு கார்பன் இருக்கிறது. ஐந்தாம் கார்பனில் உள்ள இரண்டு ஹைட்ரஜன்களில் ஒன்று அந்தப் பாலத்தின் பக்கம் பார்த்திருக்கும், அதை எக்சோ என்பார்கள். எதிர்ப் பக்கம் பார்த்தது எண்டோ. நொதி ஹைட்ராக்சிலை எப்போதும் எக்சோ பக்கத்தில்தான் வைக்கிறது. அப்படியானால் எக்சோ ஹைட்ரஜனைத்தான் எடுக்கிறது என்று யாரும் நினைப்பார்கள். ஆய்வாளர்கள் ஒரு பக்கத்து ஹைட்ரஜனுக்குப் பதிலாக, அதைவிட இரு மடங்கு எடையுள்ள டியூட்டீரியத்தை வைத்து அடையாளம் போட்டுப் பார்த்தார்கள். டியூட்டீரியத்தைப் பிடுங்குவது சற்றுக் கடினம். நொதி என்ன செய்தது தெரியுமா? சில மூலக்கூறுகளில் எக்சோ பக்கத்திலிருந்து எடுத்தது, சிலவற்றில் எண்டோ பக்கத்திலிருந்தும் எடுத்தது. ஆனால் எதிலிருந்து எடுத்தாலும் ஹைட்ராக்சில் போய் ஒட்டியது எக்சோ பக்கத்தில் மட்டும்! எடுப்பதில் நொதி அவ்வளவு கறார் இல்லை, வைப்பதில்தான் கறார். ஹைட்ரஜனை இழந்த கார்பன் ஒரு கணம் தட்டையாகிவிடுகிறது, எந்தப் பக்கமும் போகலாம். அப்போதும் ஆக்சிஜன் வந்து சேரக்கூடிய பக்கம் ஒன்றே ஒன்றாக இருக்கும்படி குழி கற்பூரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

பிடியைத் தளர்த்தினால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 96ஆம் டைரோசினை எடுத்துவிட்டு, ஹைட்ராக்சில் மட்டும் இல்லாத அதன் ஒன்றுவிட்ட சகோதரனான ஃபீனைல்அலனினை அங்கே வைத்தார்கள். நொதி இறந்துவிடவில்லை, வேலை செய்தது. ஆனால் கற்பூரத்தை முன்போல இறுக்கமாகப் பிடிக்க முடியவில்லை, ஐந்தாம் கார்பனைத் தவிர வேறு இடத்திலும் கொஞ்சம் ஆக்சிஜன் ஏறியது. இன்னொரு சோதனையில் நொதியை அப்படியே விட்டுவிட்டு, மெத்தில் தொகுதிகளைக் கழற்றிய கற்பூரமான நார்கேம்ஃபரைக் கொடுத்தார்கள். உரசி நிற்க எதுவும் இல்லாததால் அது குழிக்குள் உருண்டது. ஐந்தாம் கார்பனிலும் ஆறாம் கார்பனிலும் ஏறத்தாழப் பாதிப் பாதியாக வினை நடந்தது, மூன்றாம் கார்பனிலும் கொஞ்சம். அது மட்டுமல்ல, செலவான எலக்ட்ரான்களில் பெரும் பங்கு கார்பனுக்குப் போகாமல் தண்ணீராகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் வீணானது. தளர்வான பிடிக்கு இரண்டு விலை: தவறான இடத்தில் வெட்டு, வீணாகும் எலக்ட்ரான்கள்.

பள்ளிப் பாடத்தில் நொதி என்றதும் பூட்டும் சாவியும் வரும். 1894இல் எமில் ஃபிஷர் சொன்ன உவமை, அவர் அப்போது சர்க்கரைகளைப் பிளக்கும் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். நல்ல உவமைதான். ஆனால் எந்த மூலக்கூறு உள்ளே வரலாம் என்பதற்கு மட்டுமே அது பதில் சொல்கிறது. உள்ளே வந்த மூலக்கூறின் எந்த மூலையில் வினை நடக்கும் என்பதைப் பற்றி அது பேசுவதில்லை. ஆக்சிஜனேற்றத்தில் அந்த இரண்டாவது கேள்விதான் பெரிது. தவிர, சாவிக்கும் பூட்டுக்கும் உள்ள விறைப்பு நொதிக்குக் கிடையாது. பி450கேமே கூட மூடித் திறக்கும். புதைந்து கிடக்கும் குழிக்குள் கற்பூரம் போக வேண்டுமென்றால் புரதம் எங்காவது விலகி வழிவிட்டாக வேண்டும் அல்லவா?

வடிவம் தெரியாமலேயே இந்தத் தேர்வுத்திறனைத் தொழிலில் பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. 1940களின் கடைசியில் மூட்டுவாதத்துக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு நல்ல மருந்து என்று தெரிய வந்தது. அதைத் தயாரிக்க மாட்டின் பித்தநீரிலிருந்து ஆரம்பித்து 30க்கும் மேற்பட்ட படிகள் தேவைப்பட்டன. ஸ்டீராய்டு வளையங்களின் நடுவே 11ஆம் கார்பனில் ஓர் ஆக்சிஜனைக் கொண்டுபோய் வைப்பது அதில் பெரும் தலைவலி. அமெரிக்காவில் அப்ஜான் நிறுவனத்தில் பீட்டர்சனும் மர்ரேயும், ரைசோபஸ் என்ற பூஞ்சை, புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் அதே 11ஆம் கார்பனில் ஒரே படியில் ஹைட்ராக்சிலை ஏற்றிவிடுகிறது என்று 1952இல் காட்டினார்கள். பழைய ரொட்டியில் கருப்பாகப் பூக்கும் பூஞ்சையின் இனம் அது. பூஞ்சைக்குள் வேலை செய்தது ஒரு பி450. அது அப்போது யாருக்கும் தெரியாது, பி450 என்ற பெயரே வந்திருக்கவில்லை.

வடிவம் தெரிந்த பிறகு என்ன செய்யலாம் என்பதற்கு இன்னொரு பாக்டீரிய நொதி நல்ல உதாரணம். பேசில்லஸ் மெகாடீரியம் என்ற பாக்டீரியாவின் பி450 பிஎம்3. கொழுப்பு அமிலங்கள் இதன் இரை. கொழுப்பு அமிலம் என்பது நீண்ட கார்பன் சங்கிலி, ஒரு முனையில் அமிலத் தலை. குழியின் வாசலில் 47ஆம் இடத்து ஆர்ஜினினும் 51ஆம் இடத்து டைரோசினும் அந்த அமிலத் தலையைப் பிடித்துக்கொள்கின்றன. வால் உள்ளே நீண்டு ஹீமை நோக்கிப் போகிறது. ஆனால் வால் நுனி ஹீமைத் தொட முடிவதில்லை. 87ஆம் இடத்து ஃபீனைல்அலனினின் தட்டையான வளையம் குறுக்கே நிற்கிறது. விளைவு, கடைசி கார்பனை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய மூன்று கார்பன்களில் ஏதாவது ஒன்றில்தான் ஆக்சிஜன் ஏறும்.

டெஸ்டோஸ்டிரோன் போன்ற நான்கு வளைய ஸ்டீராய்டு இந்த ஒடுக்கமான குழிக்குள் நுழையவே நுழையாது. 87ஆம் ஃபீனைல்அலனினை எடுத்துவிட்டு மிகச் சிறிய அலனினை வைத்தால் இடம் கிடைக்கிறது, டெஸ்டோஸ்டிரோன் உள்ளே வருகிறது. ஆனால் இடம் அதிகமாகிவிட்டதால் இரண்டு விதமாக உட்காருகிறது. தலைப்பக்கம் ஹீமை நோக்கி இருந்தால் 2ஆம் கார்பனில் வெட்டு. திரும்பி உட்கார்ந்தால் மறுகோடியில் 15ஆம் கார்பனில் வெட்டு. ஏறக்குறையப் பாதிப் பாதி. ஜெர்மனியில் மான்ஃப்ரெட் ரீட்ஸின் குழு, குழியின் சுவரில் உள்ள அமினோ அமிலங்களைச் சிறு சிறு கூட்டமாக மாற்றி ஆயிரக்கணக்கான நொதிகளைச் சோதித்தது. 2011இல் அவர்கள் வெளியிட்ட முடிவில், ஒரு மாற்று நொதி ஏறத்தாழ 97 சதவீதம் 2ஆம் கார்பனையும், வேறொரு மாற்று நொதி ஏறத்தாழ 96 சதவீதம் 15ஆம் கார்பனையும் தொட்டது. அதே ஹீம், அதே கந்தகம், அதே டெஸ்டோஸ்டிரோன். சுவரில் ஒரு சில கற்களை மாற்றியதில் மூலக்கூறு தலைகீழாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டது. இந்த வகை முயற்சிகளுக்கெல்லாம் வழி திறந்தது பிரான்செஸ் ஆர்னால்டின் 'வழிநடத்தப்பட்ட பரிணாமம்' என்ற முறை. நொதியில் சீரற்ற மாற்றங்களைச் செய்து, நல்லதைப் பொறுக்கி, மறுபடி மாற்றி, மறுபடி பொறுக்குவது. 2018இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசின் பாதி இதற்காகக் கிடைத்தது.

ஹீம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அல்சருக்கும் நெஞ்செரிச்சலுக்கும் கொடுக்கும் எசோமெப்ரசோல் மாத்திரையில் ஒரு கந்தக அணுவின் மேல் ஓர் ஆக்சிஜன் இருக்கிறது. அது ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் இருந்தால்தான் எசோமெப்ரசோல், இரண்டு பக்கமும் கலந்திருந்தால் பழைய ஓமெப்ரசோல். ஃபிளேவினைக் கருவியாகக் கொண்ட ஒரு பாக்டீரிய நொதியைக் கோடெக்சிஸ் நிறுவனத்தார் படிப்படியாக மாற்றி, அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஆக்சிஜன் ஏற்றும்படி செய்திருக்கிறார்கள்.

ஃபிளேவின் வேலை செய்யும் இன்னொரு இடம் பல வீடுகளில் இருக்கிறது. சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டரின் ஸ்டிரிப். பல ஸ்டிரிப்களில் இருப்பது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் பூஞ்சையிலிருந்து கிடைக்கும் நொதி. புனல் போன்ற ஆழமான குழி, அடியில் ஃபிளேவின். குளுக்கோஸ் உள்ளே இறங்கியதும் அதன் ஹைட்ராக்சில்கள் ஒவ்வொன்றையும் சுவரிலிருந்து யாராவது ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் முதலாம் கார்பன் ஃபிளேவினுக்கு நேராக வந்து நிற்கிறது. எவ்வளவு கறார் என்றால், குளுக்கோஸின் முதலாம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் பக்கம் மாறினாலே போதும், அதாவது பீட்டா வடிவத்துக்குப் பதில் ஆல்ஃபா வடிவம் வந்தாலே வேகம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடும். அது பரவாயில்லை. தண்ணீரில் இந்த இரண்டு வடிவங்களும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும்.

குளுக்கோஸ் ஆக்சிடேஸுக்கு ஒரு குறை உண்டு. அது எலக்ட்ரானை ஆக்சிஜனுக்கும் கொடுத்துவிடும், எனவே ரத்தத்தில் ஆக்சிஜன் கூடினால் குறைந்தால் அளவு மாறலாம். அதைத் தவிர்க்க, ஆக்சிஜனையே கண்டுகொள்ளாத வேறு ஒரு நொதியைச் சில ஸ்டிரிப்களில் வைத்தார்கள். பிகியூகியூ என்ற கருவியைக் கொண்ட குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ். வேகமான, நல்ல நொதி. ஆனால் அதன் வினை மையம் ஆழமான புனல் அல்ல, மேலே திறந்து கிடக்கும் ஒரு பள்ளம். குளுக்கோஸின் ஒரு முனை பள்ளத்தில் இருக்க, மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம், அங்கே என்ன ஒட்டியிருக்கிறது என்று நொதி பார்ப்பதில்லை. மால்டோஸ் என்பது இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த சர்க்கரை. அதன் ஒரு குளுக்கோஸ் பள்ளத்தில் உட்கார, மற்றது வெளியே தொங்கும். மீட்டர் அதையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும்.

சாதாரணமாக ரத்தத்தில் மால்டோஸ் இருக்காது, ஆகவே பிரச்சினை இல்லை. ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவத்தைப் பயன்படுத்துவது உண்டு, அது உடலுக்குள் மால்டோஸாக உடையும். மீட்டர் சர்க்கரை அதிகம் என்று காட்ட, உண்மையில் சர்க்கரை சரியாகவோ குறைவாகவோ இருக்கும் நோயாளிக்கு இன்சுலின் போடப்பட்ட சம்பவங்கள் நடந்தன. 1997 முதல் 2009 வரை இதோடு தொடர்புடைய 13 மரணங்கள் தமக்கு அறிவிக்கப்பட்டதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. ஒரு பள்ளத்தின் வாய் திறந்திருந்ததன் விளைவு. பிறகு அந்த நொதியின் அமினோ அமிலங்களை மாற்றி மால்டோஸை ஒதுக்கும்படி செய்தார்கள், அல்லது வேறு நொதிக்கு மாறினார்கள்.

அதற்காக, தாராளமான குழியெல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. நம் கல்லீரலில் உள்ள சிப்3ஏ4 என்ற பி450க்கு மிகப் பெரிய, நெகிழ்வான குழி. வடிவத்தில் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத ஏராளமான மருந்துகளை அது ஆக்சிஜனேற்றம் செய்து வெளியேற்ற உதவுகிறது. நாளைக்கு எந்த அந்நியப் பொருள் வயிற்றுக்குள் வரும் என்று தெரியாத ஓர் உறுப்புக்குக் கறாரான நொதி மட்டும் இருந்தால் கதை முடிந்தது. கற்பூர நொதிக்குக் கற்பூரம் ஒன்றே தொழில், அதனால் அது இறுக்கம்.

கல்லீரலிலேயே கறாரான ஆட்களும் இருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் வார்ஃபரின், ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான ஆர், எஸ் என்ற இரண்டு வடிவங்களின் கலவை. எஸ் வடிவம்தான் வீரியம் அதிகம். அதை முக்கியமாக 7ஆம் கார்பனில் ஆக்சிஜன் ஏற்றி அடக்குவது சிப்2சி9 என்ற பி450. ஆர் வடிவத்தைப் பெரும்பாலும் வேறு பி450கள் பார்த்துக்கொள்கின்றன. சிலருக்குப் பிறவியிலேயே சிப்2சி9இன் 359ஆம் இடத்தில் ஐசோலியூசினுக்குப் பதில் லியூசின் இருக்கும். இந்த இரண்டு அமினோ அமிலங்களிலும் இருக்கும் அணுக்கள் ஒன்றே, எண்ணிக்கையும் ஒன்றே. கிளை பிரியும் இடம் மட்டும் ஒரு கார்பன் தள்ளி இருக்கும். அந்த மாற்றத்திலேயே எஸ் வார்ஃபரின் உடலிலிருந்து வெளியேறும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்களுக்கு எதிர்பார்க்கப்படும் அளவாக வார்ஃபரினின் அமெரிக்க மருந்துக் குறிப்பில் அச்சாகியிருப்பது நாளொன்றுக்கு 0.5 முதல் 2 மில்லிகிராம். மாற்றம் இல்லாதவர்களில் சிலருக்கு அதே அட்டவணையில் 5 முதல் 7 மில்லிகிராம் என்று இருக்கிறது.